சாவி கைக்கு வரும்போது மொத்தம் எவ்வளவு? கார் பேரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் எங்கள் சொந்தத்தில் யார் கார் வாங்கினாலும் என்னைத் துணைக்குக் கூப்பிடுவார்கள். நான் மெக்கானிக்கும் இல்லை, டீலரும் இல்லை; கணக்கு எழுதிப் பிழைப்பவன். கோட்டேஷனைக் கையில் கொடுத்தால் வரி வரியாகப் படிப்பேன், அவ்வளவுதான். அப்படிப் போன இடங்களில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். வரிக் கணக்கெல்லாம் தமிழ்நாட்டுக்கானது.

எக்ஸ்-ஷோரூம் விலை கம்பெனி போட்டது. அதில் பேரம் பேச என்ன இருக்கிறது?

எக்ஸ்-ஷோரூம் என்பது லைஃப் டாக்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் சேராத விலை. அந்தப் பட்டியலில் பேரத்துக்கு ஒன்றும் இல்லை. மாநிலம் முழுக்க எந்த டீலரிடம் போனாலும் அதே எண்தான் இருக்கும். தள்ளுபடி இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று, அந்த மாதத்துக்குக் கம்பெனி அறிவிக்கும் சலுகை; கேட்டாலும் கேட்காவிட்டாலும் அது உங்களுக்கு வர வேண்டியது. இன்னொன்று, டீலர் தன் கமிஷனில் இருந்து விட்டுக்கொடுப்பது. பேரம் என்பது இந்த இரண்டாவதுக்குத்தான்.

அதனால் முதல் கேள்வியே இப்படி இருக்கட்டும்: "கம்பெனி ஆஃபர் எவ்வளவு, உங்க சைடுல எவ்வளவு? தனித்தனியா எழுதிக் கொடுங்க." இதைக் கேட்காவிட்டால் கம்பெனி கொடுத்த 25,000 ரூபாயையே மேனேஜர் உங்களுக்காகப் போராடி வாங்கி வந்தது போலக் காட்டுவார்கள்.

காத்திருப்புப் பட்டியல் உள்ள வண்டிக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது. யார்டில் தூசி பிடித்து நிற்கும் மாடலுக்கு நிறையவே கிடைக்கும்.

ஆன்-ரோடு (எல்லாம் சேர்ந்த) கோட்டேஷனில் எதைப் பேசலாம், எதைத் தொட முடியாது?

எனக்குப் பிடித்த கேள்வி. ஒரு காட்சியோடு சொல்கிறேன்.

பொள்ளாச்சி சித்தப்பா போன வருஷம் ஒரு ஷோரூமில் உட்கார்ந்திருந்தார். முன்னால் கோட்டேஷன், பக்கத்தில் ஆறிப்போன காபி. எக்ஸ்-ஷோரூம், லைஃப் டாக்ஸ், இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக் எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசியில் சின்ன எழுத்தில் "இதர கட்டணம் 8,500". சித்தப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்: "தம்பி, இந்த இதரன்னா என்னப்பா?"

"அது லாஜிஸ்டிக்ஸ் சார். ஹேண்ட்லிங்."

"வண்டி லாரியில வந்து இறங்குனதுக்கா? அது சேர்ந்ததுதானே ஷோரூம் விலை? ரசீது குடுப்பீங்களா அதுக்கு?"

அந்தப் பையன் ஒரு நொடி யோசித்தான். பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தான். 8,500 ரூபாய் போனது. சித்தப்பா குரலை உயர்த்தவே இல்லை.

லைஃப் டாக்ஸ், பதிவுக் கட்டணம், சாலைப் பாதுகாப்பு வரி ஆகியவை அரசுக்குப் போவது. பைசா குறையாது, ஆனால் பைசா கூடவும் கூடாது. காருக்குப் பதிவுக் கட்டணம் 600 ரூபாய், லோன் இருந்தால் ஹைப்போ (வண்டி மேல் வங்கிக் கடன் இருப்பதன் பதிவு) சேர்க்க 1,500. "ஆர்.டி.ஓ. செலவு" என்று மொத்தமாக ஒரு தொகை போட்டிருந்தால் அரசு ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். ஹேண்ட்லிங், லாஜிஸ்டிக்ஸ், டாகுமெண்டேஷன் என்று எந்தப் பெயரில் வந்தாலும் அது டீலர் தானாகச் சேர்த்தது, அடிக்கச் சொல்லலாம். இன்சூரன்ஸ், ஆக்சஸரீஸ், எக்ஸ்டெண்டட் வாரண்டி, கோட்டிங் எல்லாமே பேசக்கூடியவை.

ஒரு கையில் 30,000 தள்ளுபடி கொடுத்து, மறு கையால் இன்சூரன்ஸிலும் கோட்டிங்கிலும் 35,000 எடுத்துக்கொள்வது சகஜம். அதனால் "டிஸ்கவுண்ட் எவ்வளவு" என்று கேட்பதை விட, "சாவி கைக்கு வரும்போது மொத்தம் எவ்வளவு" என்று கேளுங்கள். இரண்டு டீலர்களை ஒப்பிடும்போதும் கடைசி எண்ணை மட்டும் பாருங்கள்.

வண்டி விலை 10 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டுகிறது. பரவாயில்லையா?

நின்று கணக்குப் போட வேண்டிய இடம் இது. 2023 நவம்பரில் மாற்றியபடி தமிழ்நாட்டில் காருக்கு லைஃப் டாக்ஸ் 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. தாண்டிய தொகைக்கு மட்டும் கூடுதல் வரி என்று நினைத்துவிடாதீர்கள். முழு விலைக்கும் புதிய விகிதம்தான்.

9,99,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,29,870. 10,20,000 ரூபாய் வண்டிக்கு 1,83,600. விலையில் வித்தியாசம் 21,000. வரியில் மட்டும் 53,730. போதாததற்கு 10 லட்சம் தாண்டினால் 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவர் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) வேறு பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம், ஆனால் அன்றைக்குக் கையை விட்டுப் போகும். அலாய் வீலுக்காகவும் சன்ரூஃபுக்காகவும் அடுத்த வேரியண்டுக்குத் தாவும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷோரூமிலேயே இன்சூரன்ஸ் எடுக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. எந்தக் கம்பெனி பாலிசி வேண்டுமானாலும் வெளியிலிருந்து எடுத்து வரலாம். டீலர் மறுக்க முடியாது. "வெளியில எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காது சார்" என்பது வழக்கமான பயமுறுத்தல். கேஷ்லெஸ் (ரிப்பேர் பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேராகக் கட்டுவது) கிடைப்பது அந்த ஒர்க்‌ஷாப்போடு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒப்பந்தம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. போன் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும்.

புது காருக்கு மூன்று வருஷ தேர்ட் பார்ட்டி (மற்றவருக்கு ஏற்படும் சேதத்துக்கானது) எடுத்தே ஆக வேண்டும். 2018 செப்டம்பரிலிருந்து இதுதான் விதி. அந்தப் பகுதியின் பிரீமியம் எங்கே எடுத்தாலும் ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் ஓன் டேமேஜ் (நம் வண்டிக்கே ஏற்படும் சேதம்) பகுதியிலும் ஆட்-ஆன் எனும் கூடுதல் பாதுகாப்புகளிலும்தான் இருக்கும். ஒப்பிடும்போது ஐ.டி.வி. (வண்டிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி வைக்கும் மதிப்பு) ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். புது வண்டிக்கு எக்ஸ்-ஷோரூமில் 95 சதவீதம் வர வேண்டும். ஐ.டி.வி.யைக் குறைத்துவிட்டு "எங்ககிட்ட பிரீமியம் கம்மி" என்று காட்டுவதும் உண்டு.

என் சொந்த வண்டிக்கு ஷோரூமில் 41,000 போட்டார்கள். அதே ஐ.டி.வி., அதே ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத ஆட்-ஆன்), வெளியில் 29,000. போனில் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். பத்து நிமிஷத்தில் 31,000 ஆனது. மீதி இரண்டாயிரத்துக்காக அலைய மனமில்லாமல் அங்கேயே எடுத்துவிட்டேன். அதுவும் ஒரு முடிவுதான்.

எந்த மாதத்தில் போனால் விலை இறங்கும்?

ஆடியில் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள். மார்கழியிலும் அப்படித்தான். ஷோரூமில் ஈ ஓட்டும் மாதங்கள் இவை. மார்கழி, கம்பெனிகள் வருஷக் கடைசி ஸ்டாக்கைத் தள்ளத் தவிக்கும் டிசம்பரோடு சேர்ந்து வருவது நமக்கு நல்லது. உங்கள் வீட்டில் சம்பிரதாயம் பார்ப்பார்கள் என்றால் ஆடியில் விலை பேசி, எழுதி வாங்கி, புக் செய்துவிட்டு, ஆவணி முதல் முகூர்த்தத்தில் டெலிவரி எடுங்கள். ஒரே நிபந்தனை: ஆடி ஆஃபர் ஆவணி பில்லுக்கும் செல்லும் என்று கையெழுத்தோடு இருக்க வேண்டும். சலுகை பொதுவாகப் பில் போடும் மாதத்தைப் பொறுத்தது, புக்கிங் மாதத்தைப் பொறுத்தது இல்லை.

டிசம்பரில் வாங்கினால் ஒரு சங்கடம் உண்டு. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) தயாரிப்பு மாதமும் வருஷமும் பதிவாகும். பத்து நாள் கழித்து உங்கள் வண்டி "போன வருஷ மாடல்" ஆகிவிடும். ஏழெட்டு வருஷம் வைத்து ஓட்டுபவருக்கு அது பொருட்டே இல்லை. மூன்று வருஷத்தில் மாற்றுபவர் அதற்கும் சேர்த்துத் தள்ளுபடி கேட்க வேண்டும்.

மாதக் கடைசி வாரம் போவது எப்போதுமே நல்லது. டார்கெட்டுக்கு ஒரு வண்டி குறையும் எக்சிகியூட்டிவ், மாத முதல் தேதியில் இருக்கும் அதே மனிதர் இல்லை.

"மேனேஜரைக் கேட்டுட்டு வர்றேன் சார்" என்று போகிறார்களே, உண்மையிலேயே கேட்கிறார்களா?

சில சமயம் கேட்கிறார்கள். பல சமயம் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறார்கள். நீங்கள் காத்திருக்கிற அந்தப் பத்து நிமிஷத்தில்தான் உங்கள் மனைவி கலர் பார்த்து முடித்திருப்பார், பையன் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பான். வண்டி உங்களுடையது ஆகிவிட்டது என்ற நினைப்பு வந்தபின் யாரால் பேரம் பேச முடியும்? விலை பேசப் போகும் நாளில் குழந்தைகளை வீட்டில் விட்டுப் போங்கள். டெஸ்ட் டிரைவ் வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

ஒரே கம்பெனிக்குக் கோவையிலேயே இரண்டு மூன்று டீலர்கள் இருப்பார்கள். திருப்பூர், ஈரோட்டிலும் விசாரிக்கலாம். இரண்டாவது டீலரின் கோட்டேஷன் கையில் இருந்தால், பேச்சுத் திறமை இல்லாதவரும் பேரம் பேசலாம். காகிதத்தை மேஜையில் வைத்தால் போதும்.

பணமாகக் குறைக்க மாட்டோம், ஆக்சஸரீஸ் இலவசமாகத் தருகிறோம் என்கிறார்களே?

20,000 ரூபாய் ஆக்சஸரீஸ் என்பது அவர்களுடைய பட்டியல் விலை. அதே மேட், சீட் கவர் கடைத்தெருவில் பாதிக்குக் கிடைக்கும். பணம் கிடைத்தால் பணம். கிடைக்காவிட்டால் உங்களுக்கு உண்மையாகவே தேவையானதை மட்டும் கேளுங்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டி கம்பெனியுடையது என்றால் என்னைப் பொறுத்தவரை மதிப்புள்ள பொருள். டெஃப்ளான் கோட்டிங் வேண்டாம்.

பழைய காரை எக்ஸ்சேஞ்ச் போடலாமா?

போடலாம். ஆனால் புது வண்டி விலையைப் பேசி முடிக்கும் வரை பழைய வண்டி இருப்பதையே சொல்லாதீர்கள். இரண்டையும் ஒன்றாகப் பேசினால் ஒன்றில் ஏற்றி இன்னொன்றில் இறக்கிவிடுவார்கள், எது எங்கே போனது என்றே தெரியாது. முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கும் கம்பெனி இரண்டிலும், உள்ளூர் ப்ரோக்கர் ஒருவரிடமும் விலை கேட்டு வையுங்கள். ஷோரூம் மதிப்பு அதைவிட 40,000 குறைவு, எக்ஸ்சேஞ்ச் போனஸ் 25,000 என்றால் வெளியில் விற்பதே லாபம்.

பலரும் மறந்துவிடும் ஒன்று: நோ கிளைம் போனஸ் வண்டியோடு போவதில்லை, உங்களோடு வருவது. பழைய இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதற்கான கடிதம் வாங்கினால், ஐந்து வருஷம் கிளைம் செய்யாதவருக்கு புது வண்டியின் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50 சதவீதம் குறையும். கடிதம் மூன்று வருஷம் செல்லும். இதை எந்த எக்சிகியூட்டிவும் தானாகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

ஷோரூமிலேயே லோன் போட்டுத் தருகிறார்கள். வட்டி 8 சதவீதம்தானாம்.

ஃப்ளாட்டா, குறையும் நிலுவைக்கா என்று கேளுங்கள். ஃப்ளாட் என்றால் கடைசி வரை முழுக் கடனுக்கும் வட்டி; குறையும் நிலுவை என்றால் இன்னும் கட்டாத அசலுக்கு மட்டும். 8 லட்சத்துக்கு ஐந்து வருஷம், 8 சதவீதம் ஃப்ளாட் என்றால் வட்டி மட்டும் 3,20,000. மாதத் தவணை சுமார் 18,670. குறையும் நிலுவைக் கணக்கில் இது 14 சதவீதத்துக்கும் கொஞ்சம் மேல். வங்கி 9 சதவீதம் குறையும் நிலுவைக்குக் கொடுத்தால் தவணை சுமார் 16,600, மொத்த வட்டி இரண்டு லட்சத்துக்குள் முடிந்துவிடும். 8-ஐ விட 9 மலிவு என்பதை என் மச்சானுக்குப் புரிய வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

புக்கிங் அட்வான்ஸ் கட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்?

புக்கிங் ஃபாரத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். "டெலிவரி நாளன்று உள்ள விலையே பொருந்தும்" என்று பெரும்பாலும் இருக்கும். ஜனவரியில் கம்பெனிகள் விலை ஏற்றுவது வாடிக்கை, அது உங்கள் தலையில் விழும். எப்போதாவது நமக்குச் சாதகமாகவும் திரும்பும்: 2025 செப்டம்பர் 22-ல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தபோது, முன்னாடியே புக் செய்து பில் போடாமல் காத்திருந்தவர்களுக்கும் புது விலைதான். ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் பேசிய மொத்தத் தொகையையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை சொன்ன எக்சிகியூட்டிவ் அடுத்த மாதம் வேறு ஷோரூமில் இருப்பார்.

முழுப் பணமும் கட்டுவதற்கு முன் வண்டியைப் பார்க்க முடியுமா?

பார்த்தே தீர வேண்டும், அதுவும் பதிவு செய்வதற்கு முன். உங்களுக்கு ஒதுக்கிய வண்டியை யார்டில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சேசிஸ் எண் பில்லில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா, தயாரிப்பு மாதம் எது, மீட்டர் எவ்வளவு காட்டுகிறது, பம்பர் ஓரத்தில் டச்-அப் இருக்கிறதா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2225 என்றால் 2025-ன் 22-ஆவது வாரம் செய்தது. பதிவு முடிந்தபின் கீறலைக் காட்டினால் "பாலிஷ் போட்டுடலாம் சார்" என்பதுதான் பதிலாக வரும்.

பழைய கார் வாங்கப் போகிறேன். விலையை எப்படிக் குறைப்பது?

விளம்பரத்தில் "சிங்கிள் ஓனர், இன்சூரன்ஸ் கரண்ட், நேரில் வந்தால் பேசலாம்" என்று இருந்தால், விற்பவரே குறைக்கத் தயாராக இருக்கிறார். போனில் "கடைசி விலை என்ன" என்று கேட்காதீர்கள். வண்டியைப் பார்க்காதவரிடம் யாரும் கடைசி விலை சொல்வதில்லை. மெக்கானிக்கோடு போய், செலவுப் பட்டியலை எழுதுங்கள்: நான்கு டயர், பேட்டரி, கிளட்ச், இரண்டு மாதத்தில் முடியும் இன்சூரன்ஸ். "30,000 குறைங்க" என்றால் மறுப்பார்கள். "இவ்வளவும் நான் போட வேண்டியிருக்குண்ணா" என்று பட்டியலைக் காட்டினால் மறுப்பது கஷ்டம்.

மீட்டரை நம்பாதீர்கள். 40,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் மழுங்கி, ஸ்டியரிங் வழவழத்து இருந்தால் ஏதோ இடிக்கிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரின் சர்வீஸ் ஹிஸ்டரியை விற்பவரையே எடுத்துத் தரச் சொல்லுங்கள். தயங்கினால் கிளம்பிவிடலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கண்டுபிடிக்க முடியுமா?

சென்னையில் 2015 டிசம்பர், பிறகு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் முங்கிய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு வேறு ஊர்ச் சந்தைக்கு வரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை இருக்கும், அங்கே யாரும் துடைப்பதில்லை. சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், கார்பெட்டைத் தூக்கினால் மக்கிய வாடை. இதற்குப் பேரமே கிடையாது. எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

டெல்லி வண்டி ரொம்ப மலிவாக வருகிறதே?

அங்கே டீசலுக்குப் பத்து, பெட்ரோலுக்குப் பதினைந்து வருஷம் என்ற கட்டுப்பாட்டால் தள்ளிவிடப்படுபவை பல. என்.ஓ.சி. (அங்குள்ள ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று), இங்கே கட்ட வேண்டிய லைஃப் டாக்ஸ், ஆர்.டி.ஓ. அலைச்சல் எல்லாவற்றையும் கூட்டிவிட்டு விலையைப் பாருங்கள். மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும்.

பழைய கார் பேப்பரில் என்னென்ன பார்க்க வேண்டும்?

பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 இரண்டிலும் ஆர்.சி.யில் உள்ளவரின் கையெழுத்து. லோன் இருந்த வண்டி என்றால் வங்கியின் என்.ஓ.சி.யும், ஹைப்போவை நீக்கும் ஃபாரம் 35-ம். அரசின் பரிவாஹன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டு நிலுவை அபராதம், ஹைப்போ, இன்சூரன்ஸ் தேதி பாருங்கள். "வெற்று ஃபாரத்துல கையெழுத்து வாங்கி வெச்சிருக்கோம், பேர் மாத்தறது நீங்க பாத்துக்குங்க" என்று ப்ரோக்கர் சொன்னால், பெயர் மாறும் வரை 10,000 ரூபாயாவது பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

என் பழைய வண்டியை டீலரிடம் கொடுத்துவிட்டேன். இன்னும் ஆர்.சி. என் பெயரில்தான் இருக்கிறது.

இதைத் தள்ளிப் போடாதீர்கள். 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி பல கை மாறியிருந்தாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு. 2023 ஏப்ரலிலிருந்து அங்கீகாரம் பெற்ற பழைய கார் டீலரிடம் கொடுத்தால், ஒப்படைத்த தகவலை ஃபாரம் 29சி வழியாகப் போர்ட்டலில் பதிய வேண்டும். அதன்பின் டீலர்தான் ஓனராகக் கருதப்படுவார். கொடுப்பதற்கு முன் அங்கீகாரச் சான்றைக் கேளுங்கள். அங்கீகாரம் இல்லாதவரிடம் கொடுத்தால் தேதி, நேரம், கிலோமீட்டர், வாங்கியவரின் அடையாள அட்டை நகல் எல்லாம் சேர்த்து டெலிவரி நோட் வாங்குங்கள். வாரம் ஒரு தடவை பரிவாஹனில் உங்கள் நம்பரைப் போட்டுப் பாருங்கள், பெயர் மாறும் வரை.

பேசியது ஒன்று, பில்லில் வந்தது ஒன்று. யாரிடம் போவது?

முதலில் டீலரின் ஜெனரல் மேனேஜருக்கும் கார் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கும் ஒரே மின்னஞ்சல், கோட்டேஷன் நகலோடு. பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும், கம்பெனி கேள்வி கேட்பதை டீலர்கள் விரும்புவதில்லை. அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே வழக்குப் போடலாம், வக்கீல் இல்லாமலும் போடலாம். சித்தப்பாவின் கோட்டேஷன் இன்னும் அவர் பீரோவில் இருக்கிறது, அடித்த அந்த 8,500 வரியோடு, பக்கத்தில் பையனின் சின்னக் கையெழுத்தோடு.